512 பிட் வெக்டர் கட்டளைகள் வெப்பப் பரவல் நிரலை ஏன் வேகப்படுத்தவில்லை?

அலைமுகம்:

அனைவருக்கும் வணக்கம். ஒரு தட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் நிரல் ஒன்றை எங்கள் ஆய்வுக்குழுவுக்காகப் பராமரித்து வருகிறேன். நிரல் சி மொழியில் உள்ளது. எண்கள் அனைத்தும் இரட்டைத் துல்லியம். ஒவ்வொரு காலப்படியிலும் ஒரு கட்டத்தின் புதிய வெப்பநிலையை, அதன் பழைய மதிப்பையும் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு அண்டைக் கட்டங்களின் மதிப்புகளையும் கொண்டு கணக்கிடுகிறோம். கட்டங்களாலான வலை மிகப் பெரியது, செயலிக்குள் இருக்கும் சிறிய, விரைவான நினைவகமான கேஷில் அடங்காது.

இதுவரை ஏவிஎக்ஸ்2 என்ற 256 பிட் வெக்டர் கட்டளைகளுக்காக (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாள்பவை) கம்பைல் செய்து ஓட்டினோம். இப்போது இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறை ஜியான் செயலிகள் கொண்ட கணுக்களில் (கணினித் தொகுதியின் தனி எந்திரங்களில்) இடம் கிடைத்துள்ளது. ஒரே கட்டளையில் நான்கு எண்களுக்குப் பதிலாக எட்டு எண்களைக் கையாளலாம் என்பதால், 512 பிட் அகலமுள்ள ஏவிஎக்ஸ்-512-க்கு மாறினால் நேரம் ஏறக்குறையப் பாதியாகும் என்று எதிர்பார்த்தேன். செயலியின் ஒரே கோரில் (தனித்தியங்கும் கணக்கிடும் பகுதியில்) ஓட்டும்போது ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது. எல்லாக் கோர்களையும் பயன்படுத்தினால் வேறுபாடே இல்லை. இந்தச் செயலிகளுக்கு ஜிசிசி கம்பைலர் இயல்பாக 256 பிட் அகலத்தையே தேர்ந்தெடுக்கும் என்பதை அறிந்து, 512-ஐ விரும்பும்படி தனியே விருப்பம் கொடுத்திருக்கிறேன். கம்பைலர் தந்த அசெம்பிளியிலும் 512 பிட் அகலமுள்ள இசட்எம்எம் ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் எண்களை வைக்கும் இடங்கள்) தெளிவாகத் தெரிகின்றன.

கேள்விகள் இரண்டு. கட்டளைகளை இன்ட்ரின்சிக்ஸ் (வெக்டர் கட்டளைகளுக்கு நேரே பொருந்தும் சி செயற்கூறுகள்) மூலம் கையால் எழுதினால் நிலைமை மாறுமா? தட்டின் மொத்த ஆற்றலைக் கூட்டும் பகுதியில் விடையின் கடைசி இலக்கங்கள் பழைய விடையோடு ஒத்துப்போகவில்லை. நிரல் பிழையாகிவிட்டதோ என்று என் ஆய்வு வழிகாட்டி ஐயப்படுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்லலாம்?

மணற்குன்று:

முதல் கேள்விக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். ஒரு கட்டத்துக்கு எத்தனை கணக்குகள் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு அண்டை மதிப்புகளைக் கூட்ட மூன்று கூட்டல். நடு மதிப்பை நான்கால் பெருக்கிக் கழிக்க இரண்டு. பரவல் கெழுவால் பெருக்க ஒன்று. பழைய மதிப்போடு கூட்ட ஒன்று. ஆக ஏழு. இனி எத்தனை பைட்டுகள் நினைவகத்திலிருந்து நகர்கின்றன என்று பாருங்கள். அண்டை வரிசைகள் கேஷில் தங்கியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், பழைய மதிப்பைப் படிக்க 8 பைட், புதிய மதிப்பை எழுத 8 பைட், எழுதுவதற்கு முன் அந்தக் கேஷ் வரியை, அதாவது நினைவகத்துக்கும் கேஷுக்கும் இடையே ஒன்றாக நகரும் துண்டை, செயலி தானாகவே படித்துக்கொள்வதால் இன்னொரு 8 பைட். ஆக, ஏழு கணக்குகளுக்கு 24 பைட்டுகள்.

உங்கள் செயலியில் 20 கோர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு 512 பிட் பெருக்கிக்-கூட்டும் அலகுகள் (பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்பவை), கனத்த வெக்டர் வேலையின்போது 2.2 கிகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம். ஒரு கோர் ஒரு சுழற்சியில் 32 கணக்குகளைச் செய்யும். மொத்த உச்ச வேகம் நொடிக்கு 1,408 கிகா கணக்குகள். ஆறு தடங்களில் டிடிஆர்4-2666 நினைவகம் கொடுக்கக்கூடிய அதிகபட்சமோ நொடிக்கு 128 கிகாபைட். அதை 24-ஆல் வகுத்து ஏழால் பெருக்கினால் 37 கிகா கணக்குகள்தாம் வருகின்றன. உச்சத்தில் மூன்று விழுக்காட்டைக்கூட இந்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) எட்ட முடியாது. வெக்டரே இல்லாமல், சுழற்சிக்கு இரண்டு கணக்குகள் என்ற சாதாரணக் கட்டளைகளாலேயே அந்த 20 கோர்கள் 88 கிகா கணக்குகளைச் செய்துவிடும். வாய்க்காலில் வரும் நீர் அவ்வளவுதான் எனும்போது வயலின் மடையை அகலப்படுத்துவதால் பாய்ச்சல் கூடாது. கையால் எழுதினாலும் கம்பைலர் எழுதினாலும் இந்த எல்லை மாறாது.

இந்தக் கணக்கு முறைக்கு ரூஃப்லைன் மாதிரி என்று பெயர். வில்லியம்ஸ், வாட்டர்மன், பேட்டர்சன் ஆகியோர் 2009-இல் வெளியிட்டனர். வெக்டர் அகலத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு லூப்புக்கும் இதைப் போட்டுப் பார்ப்பது மிகவும் அவசியம் என்பது என் உறுதியான கருத்து. செயலியை விற்பவர் சொல்வது உச்ச வேகத்தை. உங்கள் லூப்புக்குக் கிடைப்பது பைட்டுகளின் வேகத்தை.

அலைமுகம்:

மிக்க நன்றி, ஐயா. கணக்கு தெளிவாகப் புரிந்தது. அப்படியானால் ஒரே கோரில் ஓட்டும்போது மட்டும் ஏன் முன்னேற்றம் தெரிகிறது?

மணற்குன்று:

ஒரு கோர் தனியாக நினைவகப் பாதை முழுவதையும் நிரப்ப இயலாது. அங்கே எல்லையாக இருப்பது, ஒரே சமயத்தில் எத்தனை கேஷ் வரிகளுக்கான வேண்டுகோள்கள் நிலுவையில் நிற்கலாம் என்பது. ஸ்கைலேக் செயலி ஏறக்குறைய இருநூற்றுச் சொச்சம் நுண்கட்டளைகளை முன்கூட்டியே பார்த்து வேலையைத் தொடங்கும். அதே வேலையைக் குறைந்த கட்டளைகளில் எழுதினால், அந்தச் சாளரத்துக்குள் கூடுதலான தரவு அடங்குகிறது. அதனால் வேண்டுகோள்கள் முன்னதாகவே கிளம்புகின்றன. எல்லாக் கோர்களும் சேர்ந்து பாதையை நிரப்பிவிட்ட பிறகு இந்த நன்மைக்கு இடமில்லை.

512 பிட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. கேஷ் வரியின் நீளம் 64 பைட். 512 பிட் வெக்டரின் நீளமும் 64 பைட். நடு மதிப்புகளை வரியின் தொடக்கத்தில் சரியாகப் பொருத்தி வைத்தாலும், இடது, வலது அண்டை மதிப்புகளை எடுக்கும் ஒவ்வொரு கட்டளையும் இரண்டு கேஷ் வரிகளைத் தொட்டே தீரும். 256 பிட்டில் இரண்டில் ஒன்றுதான் அப்படித் தாண்டும். நடுவும் நான்கு அண்டைகளும் சேர்ந்த இந்த ஐம்புள்ளி முறையில் அகலத்தின் பயனை இது ஓரளவு தின்றுவிடுகிறது.

செய்யத்தக்கவை என்று நான் கருதுவன: முதலாவதாக, கேஷைத் தவிர்த்து நேரே நினைவகத்துக்கு எழுதும் கட்டளைகளைப் பயன்படுத்தினால் 24 பைட் 16 ஆகக் குறையும், இது ஒன்றே ஒன்றரை மடங்கு வரை கொடுக்கக்கூடியது. இரண்டாவதாக, உங்கள் இயற்பியல் இடம்கொடுத்தால் ஒற்றைத் துல்லியத்துக்கு மாறலாம். மூன்றாவதுதான் உண்மையான தீர்வு: வலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டு கோரின் எல்2 (இரண்டாம் நிலை) கேஷில் இருக்கும்போதே பல காலப்படிகளை அதன்மேல் நடத்திவிடுவது. உங்கள் செயலியில் கோருக்கு 1 மெகாபைட் எல்2 இருக்கிறது. துண்டின் ஓரங்களில் சில கட்டங்களை மீண்டும் கணக்கிட வேண்டிவரும். ஆனால் நினைவகத்துக்குப் போய்வருவது படிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைகிறது. அந்த நிலைக்கு வந்த பிறகு வெக்டர் அகலம் உண்மையிலேயே பேசத் தொடங்கும்.

பொதிகைச்சாரல்:

நண்பர் மணற்குன்று சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையைப் படிப்பவர்கள் "அகன்ற வெக்டர்களால் பயனில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் மூலக்கூறு இயக்கவியல் பக்கம் இருப்பவன். அணுக்களுக்கு இடையிலான விசையைக் கணக்கிடும்போது ஒவ்வோர் இணைக்கும் பல பத்துக் கணக்குகள் நடக்கின்றன. தரவோ பெரும்பாலும் கேஷில் இருக்கிறது. அங்கே வெக்டர் அகலம் நேரடியாக நேரத்தைக் குறைக்கிறது.

ஆனால் அந்தப் பலன் தானாக வந்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். பழைய முறையில் ஒவ்வோர் அணுவுக்கும் அண்டை அணுக்களின் பட்டியல் இருக்கும். அவற்றின் ஆயங்கள் நினைவகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். ஏவிஎக்ஸ்2-இல் சிதறிய இடங்களிலிருந்து எண்களைத் திரட்டும் கேதர் கட்டளை வந்தபோது சிக்கல் தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். எழுதுவதற்கு அது ஒரே கட்டளைதான். உள்ளே செயலி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகக் கேஷை அணுகியாக வேண்டும். எட்டு எண்கள் எட்டு வரிகளில் இருந்தால் எட்டு அணுகல்கள்தாம்.

குரோமேக்ஸ் என்ற மூலக்கூறு இயக்கவியல் மென்பொருளில் பால், ஹெஸ் ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட முறை இதை வேறு வழியில் அணுகியது. அணுக்களைத் தனித்தனியாகப் பாராமல், அருகருகே இருப்பவற்றை நான்கு நான்கு போன்ற சிறு கொத்துகளாகச் சேர்த்து, கொத்துக்கும் கொத்துக்கும் இடையே அண்டைப் பட்டியல் போட்டார்கள். ஒரு கொத்தின் ஆயங்கள் நினைவகத்தில் தொடர்ச்சியாக இருக்கும். ஒரே எடுப்பில் ரெஜிஸ்டருக்குள் வந்துவிடும். விசையைக் கணக்கிடும் தூர எல்லைக்கு வெளியே இருக்கும் சில இணைகளுக்கும் சேர்த்து வீணாகக் கணக்கிட்டு, பிறகு மறைப்பானால் (வெக்டரின் எந்த இடங்கள் கணக்கில் சேரும் என்று குறிக்கும் பிட்டுகளால்) பூச்சியமாக்குகிறார்கள். வீண்கணக்கு என்று தோன்றுவது இங்கே ஆதாயம், ஏனெனில் வெக்டரின் எல்லா இடங்களும் நிரம்பியிருக்கின்றன. கட்டளைத் தொகுதிக்கு ஏற்பத் தரவமைப்பையும் வழிமுறையையும் சேர்த்தே மாற்றினார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். கணிமை அறிவியலில் மிக அழகான வேலைகளில் அதுவும் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

அதே மென்பொருள், 512 பிட் பெருக்கிக்-கூட்டும் அலகு ஒன்று மட்டுமே உள்ள செயலிகளில் ஏவிஎக்ஸ்2-ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது என்றும் தன் ஆவணத்தில் அறிவுறுத்துகிறது. அந்தச் செயலிகளில் கடிகார வேகமும் குறைந்து, அகலத்தின் ஆதாயமும் கிடைக்காமல் போவதே காரணம்.

கடைமுகம்:

கடைசி இலக்கங்கள் மாறுவது பற்றிய கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை, நான் எழுதுகிறேன். இதைச் சிறு விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண்களை, அதாவது குறிப்பிட்ட அளவு இலக்கங்களோடு மட்டும் சேமிக்கப்படும் எண்களை, கூட்டும்போது வரிசை முக்கியம். பத்தின் 16-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டி, மீண்டும் பத்தின் 16-ஆம் அடுக்கைக் கழித்துப் பாருங்கள். இரட்டைத் துல்லியத்தில் அந்த அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 2 இடைவெளி இருப்பதால் அந்த 1 காணாமற்போய் விடை 0 ஆகிறது. பெரிய எண்கள் இரண்டையும் முதலில் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் விடை 1. கணிதத்தில் ஒன்றான இரண்டும் செயலியில் வேறு வேறு.

வெக்டராக்கப்பட்ட கூட்டல் லூப் எட்டுப் பகுதிக் கூட்டல்களைத் தனித்தனியே நடத்தி, இறுதியில் அவற்றைச் சேர்க்கிறது. ஏவிஎக்ஸ்2-இல் பெரும்பாலும் நான்கு. வரிசை மாறுவதால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறுகின்றன. புதிய விடை பிழையானது என்று இதற்குப் பொருளில்லை. தொடர்ச்சியாக ஒரே தொகையில் கூட்டிக்கொண்டே போவதைவிடப் பகுதிகளாகக் கூட்டும்போது முழுமையாக்கல் பிழையின் (இலக்கங்களை வெட்டிச் சரிசெய்வதால் வரும் பிழையின்) மேல்வரம்பு குறைகிறது. உங்கள் வழிகாட்டியிடம் இதைச் சொல்லலாம். இன்னும் அதிகத் துல்லியத்தில் ஒருமுறை கூட்டி, இரண்டு விடைகளில் எது அதற்கு அருகில் இருக்கிறது என்று காட்டினால் அவருடைய ஐயம் தீரும்.

ஆனால் நீங்கள் அந்த லூப்பை எப்படி வெக்டராக்கினீர்கள் என்பதே எனக்குக் கவலை தருகிறது. வரிசையை மாற்ற அனுமதி கொடுக்காவிட்டால் ஜிசிசி இத்தகைய கூட்டலை வெக்டராக்காது. ஆகவே வேகத்துக்காகக் கணக்கு விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத் விருப்பத்தைக் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது வரிசையை மாற்றுவதோடு நிற்பதில்லை. முடிவிலியும் எண்ணல்லாத மதிப்பும் நிரலில் தோன்றவே தோன்றா என்று கம்பைலர் எடுத்துக்கொள்வதால், கணக்கு வெடித்துவிட்டதா என்று நீங்கள் வைத்திருக்கும் சோதனை வரிகள் ஓசையின்றி நீக்கப்படலாம். கேஹன் முறையில் பிழையீடு செய்து கூட்டும் நிரல் துண்டு இருந்தால், அந்த ஈட்டுப் பகுதி கணிதப்படி பூச்சியம் என்று கருதப்பட்டு அழிந்துவிடும். மிகச் சிறிய எண்கள் பூச்சியமாக்கப்படும் நிலையும் இயக்கப்படும்.

இதற்குப் பதிலாக, அந்த ஒரு லூப்பின் மேல் மட்டும் ஓபன்எம்பி என்ற இணைக்கணிப்பு நெறியில் வெக்டராக்கச் சொல்லும் சிம்டு குறிப்பை ரிடக்‌ஷன் (பல எண்களை ஒன்றாகத் திரட்டல்) சொல்லோடு எழுதுங்கள். 2013-இல் வந்த ஓபன்எம்பி 4.0 முதல் இந்த வசதி இருக்கிறது. வரிசையை மாற்றும் அனுமதி அந்த இடத்தோடு நின்றுவிடும். நிரலின் மற்ற பகுதிகள் பத்திரமாக இருக்கும்.

எல்லா எந்திரங்களிலும் ஒரே விடை வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. அகலம் எதுவானாலும் எட்டுப் பகுதித் தொகைகள் என்று நீங்களே நிலையாக வைத்துவிடுங்கள். 512 பிட்டில் அது ஒரு ரெஜிஸ்டர், 256 பிட்டில் இரண்டு, 128 பிட்டில் நான்கு. இறுதியில் சேர்க்கும் வரிசையையும், ஒரே சமயத்தில் ஓடும் நிரல் இழைகளுக்கு இடையே வேலையைப் பிரிக்கும் அளவையும் மாறாமல் வைத்தால், பிட்டுக்குப் பிட் ஒரே விடை கிடைக்கும்.

பெருக்கிக்-கூட்டும் கட்டளை பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. அது இரண்டு செயல்களுக்கும் சேர்த்து ஒரே ஒருமுறைதான் முழுமையாக்குகிறது, பொதுவாக நன்மையே. ஆனால் இரு எண்களின் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் காணும் இடத்தில், இரண்டு எண்களும் சமமாக இருக்கும்போது, ஒரு வர்க்கம் முழுமையாக்கப்பட்டும் மற்றது முழுமையாக்கப்படாமலும் கழிவதால் விடை பூச்சியத்துக்குச் சற்றே கீழே போகலாம். அதன் வர்க்கமூலம் எண்ணல்லாத மதிப்பு. ஜிசிசி இந்தச் சேர்ப்பை இயல்பாகவே செய்கிறது. தேவைப்படும் கோப்புகளில் அதை நிறுத்திவைக்கத் தனி விருப்பம் உண்டு.

இளவேனில்77:

நான் முதுகலை மாணவி. ஒரு கேள்வி கேட்கலாமா? ஒவ்வொரு தலைமுறைக்கும் அகலம் மாறிக்கொண்டே போனால் நிரலை எத்தனை முறை மாற்றி எழுதுவது? ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் செயலிகளில் அகலத்தையே குறிப்பிடாமல் எழுதலாம் என்கிறார்களே, அது எப்படி இயலும்?

பொதிகைச்சாரல்:

நல்ல கேள்வி, தங்கையே. 1999-இல் எஸ்எஸ்ஈ என்ற வெக்டர் கட்டளைத் தொகுதி வந்தபோது 128 பிட், 2011-இல் ஏவிஎக்ஸ் 256 பிட், பிறகு 512 பிட் என்று எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி செயலிகள்) உலகில் அகலம் கட்டளையிலேயே பொறிக்கப்பட்டது. அதனால் ஒவ்வொரு முறையும் புதிய கட்டளைகள், புதிய கம்பைல்.

ஆர்ம் நிறுவனம் 2016-இல் அறிவித்த எஸ்விஈ என்ற வெக்டர் நீட்சி வேறு வழியை எடுத்தது. ரெஜிஸ்டர் 128 பிட் முதல் 2,048 பிட் வரை, 128-இன் மடங்காக இருக்கலாம். எவ்வளவு என்பதைச் செயலியை வடிவமைப்பவர் முடிவு செய்கிறார். நிரலில் "இன்னும் இத்தனை உறுப்புகள் எஞ்சியுள்ளன" என்று சொல்லும் கட்டளை, எந்தெந்த இடங்கள் இயங்க வேண்டும் என்ற மறைப்பானை உருவாக்கித் தருகிறது. லூப்பின் கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று உறுப்புகளுக்காகத் தனி லூப் எழுத வேண்டியதில்லை. ரிஸ்க்-ஃபைவின் வெக்டர் நீட்சி 1.0, 2021-இல் உறுதி செய்யப்பட்டது. அதில் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சிய எண்ணிக்கையைச் செயலியிடம் சொன்னால், இந்தச் சுற்றில் எத்தனை உறுப்புகளைக் கையாளும் என்று அது பதில் சொல்கிறது. 1976-இல் வந்த கிரே-1 எந்திரத்திலேயே 64 உறுப்புகள் கொண்ட வெக்டர் ரெஜிஸ்டர்களும், எத்தனை உறுப்புகள் என்று குறிக்கும் நீள ரெஜிஸ்டரும் இருந்தன. அந்தப் பழைய நல்ல எண்ணம் இப்போது மீண்டும் வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

குறையும் உண்டு. எஸ்விஈ வெக்டரின் அளவு கம்பைல் செய்யும்போது தெரியாது என்பதால், சி மொழியில் அந்த வகை மாறியை ஸ்ட்ரக்டுக்குள் (பல மாறிகளைச் சேர்த்த அமைப்புக்குள்) வைக்க முடியாது. அளவை நிலைப்படுத்திச் சொன்னால்தான் முடியும். அகலத்தை நம்பியே கொத்து அமைப்பை வகுத்த குரோமேக்ஸ் போன்ற நிரல்களுக்கு இது உண்மையான இடையூறு.

மணற்குன்று:

எஸ்விஈ பற்றிப் பேச்சு வந்ததால் ஒரே ஓர் ஒப்பீடு. ஜப்பானின் கோபே நகரில் உள்ள ஃபுகாகு மீக்கணினியின் ஏ64எஃப்எக்ஸ் செயலியும் 512 பிட் வெக்டர்தான். ஆனால் அதனுடன் எச்பிஎம்2 என்ற அதிவேக நினைவகம் ஒரே பொதியில் வைக்கப்பட்டு, நொடிக்கு 1,024 கிகாபைட் கொடுக்கிறது. நம் ஐம்புள்ளி லூப்புக்கு அதே 24 பைட் கணக்கைப் போட்டால் 37-க்குப் பதிலாக ஏறக்குறைய 300 கிகா கணக்குகள் வருகின்றன. வெக்டர் அகலம் ஒன்றே. நினைவகம் எட்டு மடங்கு.

அந்த எந்திரமும் தப்பவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 நவம்பர் மீக்கணினிப் பட்டியலில், அடர்த்தியான சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும் எச்பிஎல் சோதனையில் ஃபுகாகு 442 பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டாஃப்ளாப் என்பது நொடிக்குப் பத்து இலட்சம் கிகா கணக்குகள்) எட்டியது. நம் வேலைக்கு நெருக்கமான, அணிகளில் பெரும்பாலான உறுப்புகள் பூச்சியமாக இருக்கும் எச்பிசிஜி சோதனையில் 16 பெட்டாஃப்ளாப். அதுவே அப்போது உலகின் முதலிடம்.

அலைமுகம்:

அனைவருக்கும் நன்றி. நேரே எழுதும் கட்டளைகளைச் சேர்த்ததும் எல்லாக் கோர்களிலும் ஓடும் நேரம் தெளிவாகக் குறைந்தது. துண்டு துண்டாகப் பல காலப்படிகளை நடத்தும் வடிவத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கூட்டல் லூப்புக்கு எட்டுப் பகுதித் தொகை முறையை எடுத்துக்கொண்டேன். இரு வகைக் கணுக்களிலும் விடை இப்போது ஒன்றாகவே வருகிறது.

இன்னொரு தொல்லை. நுழைவுக் கணுவில் நேட்டிவ் விருப்பத்தோடு கம்பைல் செய்த நிரல், பழைய கணுக்களுக்கு அனுப்பப்படும்போது "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று உடனே நின்றுவிடுகிறது. கணுவுக்கு ஒரு நிரல் என்று வைத்துக்கொள்வதுதான் வழியா?

கடைமுகம்:

நேட்டிவ் என்பது கம்பைல் செய்யும் எந்திரத்தின் கட்டளைத் தொகுதியையே குறிக்கும். ஓடப்போகும் எந்திரத்தை அல்ல. 2020-இல் எக்ஸ்86-64-க்கு நான்கு படிநிலைகள் வகுக்கப்பட்டன. மூன்றாம் நிலையில் ஏவிஎக்ஸ்2-உம் பெருக்கிக்-கூட்டலும், நான்காம் நிலையில் ஏவிஎக்ஸ்-512-உம் அடங்கும். உங்கள் கணுக்கள் அனைத்தும் மூன்றாம் நிலையைத் தாங்குமானால் முழு நிரலையும் அதற்கே கம்பைல் செய்யுங்கள். கனமான ஓரிரு செயற்கூறுகளுக்கு மட்டும் டார்கெட் குளோன்ஸ் என்ற பண்பைக் கொடுத்தால், ஜிசிசி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படியை உருவாக்கி வைக்கும். நிரல் ஏறும்போது செயலியைப் பார்த்துத் தகுந்த படி தேர்ந்தெடுக்கப்படும். அணிக் கணக்குகளுக்கான ஓபன்பிளாஸ் நூலகமும் இதே எண்ணத்தில், ஓடும் நேரத்தில் செயலியை அறிந்து தன் உட்கருவை (கணக்கிடும் மையப் பகுதியை) தேர்கிறது. இரண்டு வகைக் கணுக்களிலும் பெருக்கிக்-கூட்டும் கட்டளை இருப்பதால் உங்கள் எட்டுத் தொகை முறை தொடர்ந்து ஒரே விடையைத் தரும். அந்தக் கட்டளை இல்லாத இரண்டாம் நிலைக் கணு ஒன்று வந்து சேர்ந்தால் மட்டும் அந்தக் கோப்பில் சேர்ப்பை நிறுத்திவிடுங்கள்.

மணற்குன்று:

இன்ட்ரின்சிக்ஸ் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடியும். துண்டு வடிவம் ஓடத் தொடங்கியதும், உள் லூப்பின் சுட்டிகளுக்கு ஒன்றின் இடத்தை மற்றொன்று தொடாது என்று உறுதிகூறும் ரெஸ்ட்ரிக்ட் சொல்லைக் கொடுத்துக் கம்பைலரின் வெக்டர் அறிக்கையைப் பாருங்கள். 256, 512 இரண்டையும் எல்லாக் கோர்களிலும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரே கோர் அளவை இந்தச் செயலியில் நம்ப வேண்டாம். ஐம்புள்ளி லூப் அளவுக்கு எளிய உருவை ஜிசிசி நன்றாகவே எழுதும். அண்டை மதிப்புகளை மீண்டும் நினைவகத்திலிருந்து எடுக்காமல், ஏற்கெனவே ரெஜிஸ்டரில் உள்ள இரண்டு வெக்டர்களை நகர்த்திச் சேர்த்துப் பெறுவது ஒன்றுதான் கையால் எழுதி ஆதாயம் காணக்கூடிய இடம். இரண்டு கேஷ் வரிகளைத் தொடும் சிக்கல் அங்கே தீரும். துண்டு எல்2-இல் அடங்கி ஓடுகிறது என்று உறுதியான பிறகு அதை முயலுங்கள். நிரலை இங்கே பகிர்ந்தால் நானும் பார்க்கிறேன்.